மூன்றரை அடிச் சரிவு

மைசூருக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. சாமுண்டி மலை ஏறி, அரண்மனை விளக்குகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத் திரும்பியவர்கள். நான் ஒரு நோட்டீஸை மூடுவதற்காகப் போனேன், ஐந்து நாள் இருந்தேன், மூடிவிட்டுத் திரும்பினேன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, மகாராஜாவை ராஜப்பிரமுகர் என்று சொல்ல ஜனங்கள் பழகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சென்னையில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் நான் டிராப்ட்ஸ்மேன். சென்னை வங்கி ஒன்று மைசூரில் கிளை திறக்க ஆசைப்பட்டு, கோட்டைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய தெருவின் மூலை மனையை வாங்கியிருந்தது. கட்டடத்துக்கு வரைபடம் போட்டவன் நான். நகரசபை ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கார்னீஸ், அதாவது சுவர் முடிகிற இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு, ஒரே வரியில் ஓடுகிறது. புதுக் கட்டடத்தின் கார்னீஸும் அதே வரியில் போகவேண்டும். வங்கிக்காரர்கள் பக்கத்து வீட்டை அளந்து, இருபத்து நான்கு அடி என்று தபாலில் எழுதினார்கள். நானும் இருபத்து நான்கு அடி போட்டேன். போதாததற்கு, பழைய தெருவோடு ஒத்துப்போகட்டும் என்று முகப்பில் மூன்று வளைவுகளும் போட்டேன். அந்த வளைவுகளில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நகரசபை முத்திரை குத்தியது. கட்டடம் எழும்பியது. மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு இரண்டு வாரம் கழித்து, கார்னீஸ் வரி ஒட்டவில்லை என்று அதே நகரசபை நோட்டீஸ் விட்டது. அதோடு, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கே தமிழில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் படத்தில் எங்கள் வீடும் வங்கியும் ஒரே உயரம். தெருவில் அப்படி இல்லை. வந்து பாருங்கள்." அவ்வளவுதான் கடிதம். முதலாளி அதை என் மேஜையில் போட்டு, "போய்ச் சமாதானம் பண்ணிவிட்டு வாரும்," என்றார்.

முதல் நாள் காலை ஸ்டேஷனில் இறங்கி ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் கன்னடத்திலும் உருதுவிலும் மாறி மாறிக் குதிரையோடு பேசிக்கொண்டே வந்தார். அந்தத் தெருவுக்குள் திரும்பியதும் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் அரைகுறைத் தமிழில் என்னை இறங்கச் சொன்னார்.

"மேடு, சாமி. பெட்டியோட உங்களையும் சேர்த்து இது இழுக்காது."

"எங்கே மேடு? தெரு தட்டாக இருக்கிறதே!" என்று நான் சண்டை பிடித்தேன். அவர் குதிரையைக் காட்டினார். அதனிடமே கேட்டுக்கொள் என்பதுபோல் இருந்தது. பேசினபடி வண்டிக் கூலி தரமாட்டேன் என்று கத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதித் தெரு போவதற்குள் மூச்சு வாங்கியது. ரயிலில் தூக்கம் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டேன். குதிரைக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

தெருவின் எதிர்ச்சாரியில் ஓர் ஓட்டலில் இட்லி கேட்டேன். சாகு என்று காய்கறிக் குருமா மாதிரி ஒன்றைச் சாம்பாருக்குப் பதிலாக ஊற்றினார்கள். சாம்பார் வேண்டும் என்றதற்கு வெல்லம் போட்ட சாம்பார் வந்தது. எங்கள் ஊரில் இதைப் பாயசத்தோடு சேர்த்திருப்பார்கள். ஆனால் காப்பி அருமை. இரண்டாவது டம்ளரோடு வாசல் பெஞ்சியில் உட்கார்ந்து எதிரே பார்த்தேன்.

பதினொரு வீடுகள். மாடியும் கீழுமாக, மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, மாடியில் சின்னச் சின்ன வளைவுகளோடு நின்றன. அவற்றின் தலையில் அந்தக் கார்னீஸ், நூல் பிடித்தாற்போல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடியது. வாசற்படிகள் மட்டும் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தன. கீழ்க் கோடி வீட்டுக்குப் பன்னிரண்டு படி, அப்புறம் பதினொன்று, பத்து என்று குறைந்துகொண்டே வந்தன. அவரவர் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

பதினொன்றாவது வீட்டுக்கு அப்பால் என் கட்டடம் நின்றது. கார்னீஸ் வரி அந்த வீடுவரை ஒழுங்காக வந்து, என் சுவரில் முட்டி நின்றுவிட்டது. என் கார்னீஸ் அதற்கு மேலே, ஓர் ஆள் மார்பளவு உயரத்தில், தன்பாட்டுக்குப் புறப்பட்டது. நடுவில் சாம்பல் நிறத்தில் மொட்டைச் சுவர். மூன்று வளைவுகளும் பக்கத்து வீட்டு வளைவுகளுக்கு மேலே எக்கி எட்டிப் பார்த்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் இப்படி நூறு கட்டடம் நின்றாலும் எவன் கண்ணும் உறுத்தாது. அங்கே எதற்கும் எதுவும் ஒட்டாது. இங்கே மற்ற பதினொன்றும் ஒழுங்காக இருந்ததால் என் ஒன்று மட்டும் அசிங்கமாக இருந்தது.

கட்டடத்துக்குள் மேஸ்திரி சவரிமுத்து இருந்தார். எல்லைப்புறத் தமிழ்க் கிராமமான மார்டள்ளிக்காரர், ஐம்பது வயது இருக்கும். தமிழ்க் குரல் கேட்டதும் ஓடி வந்தார்.

"மெட்ராஸ்ல இருந்துங்களா? நானும் நீங்க போட்ட படத்த அங்குலம் பெசகாமத்தான் ஏத்தியிருக்கறனுங்க. ரோட்டுல இருந்து இருவத்தி நாலு அடி. நீங்களே அளந்து பாத்துக்கங்க."

அளந்தேன். அங்குலம் பிசகவில்லை.

கடிதம் எழுதிய அம்மாள் பெயர் வேதவல்லி. மேல்கோட்டையிலிருந்து எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மைசூருக்கு வந்துவிட்ட ஐயங்கார் குடும்பம். நாற்பத்தைந்து வயது, கணவர் இல்லை, பெண்கள் பள்ளியில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கிறார். மாடிக் கூடத்தில் சாயங்காலம் பதினைந்து பெண்கள் வந்து கணக்குப் போடுவார்களாம். நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் சண்டை போடவில்லை.

"வாங்கோ. நீங்கதான் அந்தப் படம் போட்டவரா? நன்னா போட்டிருக்கேள். வளைவெல்லாம் ரொம்ப நேர்த்தி. நகரசபைல மாட்டியிருந்தா, போய்ப் பார்த்தேன்."

"பிறகு ஏன் புகார் எழுதினீர்கள்?"

"புகார் இல்லே. சந்தேகம். ரெண்டுக்கும் இருபத்துநாலு அடின்னு படத்துல இருக்கு. ரெண்டும் இருபத்துநாலுதான், நானே டேப் பிடிச்சுப் பார்த்துட்டேன். ஆனா ஒண்ணு உசரமா இருக்கு. எப்படி?"

அவருக்கு விடை தெரியும். வகுப்பில் பெண்களைக் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்டார்.

"ஸ்வல்பம் நாளைக்கு வாங்கோ. வெளிச்சத்துல காட்டறேன்," என்றார். ஸ்வல்பம் என்றால் கொஞ்சம்; கன்னடம் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. போனால், வாசலில் ஒரு சுருள் ரப்பர்க் குழாய் கிடந்தது. பள்ளிக்கூட லேபிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து, கண்ணாடிக் குழல்களால் ஒட்டுப்போட்டு நூறு அடிக்கு நீட்டியிருந்தார். இரண்டு முனையிலும் முழ நீளக் கண்ணாடிக் குழல். உள்ளே தண்ணீர், கண்ணுக்குத் தெரிவதற்காகப் பர்மாங்கனேட் கலந்து ஊதா நிறத்தில். தண்ணீர் எப்போதும் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். மேஸ்திரிகளுக்கு இது தெரிந்த வித்தை. எனக்கும் படித்த ஞாபகம் இருந்தது.

அவருடைய வீட்டின் கீழ் மூலையில் அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். என் கட்டடத்தின் மேல் மூலையில் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் பக்கம் தண்ணீர் ரோட்டிலிருந்து ஐந்தடி உயரத்தில், அவர் கண்ணுக்கு நேராக நின்றது. நான் என் முனையை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். தண்ணீரைக் காணோம். இடுப்புக்கு இறக்கினேன். காணோம்.

"இன்னும் இறக்குங்கோ!" என்று அங்கிருந்து கத்தினார்.

குந்தி உட்கார்ந்தேன். முழங்காலுக்கு அருகில், ரோட்டிலிருந்து ஒன்றரை அடியில், ஊதாத் தண்ணீர் ஆடி ஆடி நின்றது. மூன்றரை அடி. எழுந்திருக்க மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் ஊர் சென்னை. எங்கள் தெருவில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு வாரம் நிற்கும். எனக்குத் தெரு என்றால், மட்டக் கோடு மட்டுமே போடத் தெரிந்த டீ-ஸ்கொயரைப் பலகையில் வைத்து இழுக்கிற முதல் கோடு. இருபது வருஷமாக அப்படித்தான் தெருப் போடுகிறேன். பக்கத்து வீட்டின் இருபத்து நான்கு அடி அதன் கீழ் மூலையில் அளந்தது. அதே இருபத்து நான்கை நான் மேல் மூலையில் தூக்கி வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் பூமி மூன்றரை அடி ஏறியிருந்தது, என் காகிதத்தில் ஏறவில்லை. அந்தப் படிகளும் அப்போதுதான் புரிந்தன. கட்டினவர்கள் பூமிக்குத் தகுந்தபடி படியைக் கூட்டிக் குறைத்துத் தலையை ஒரே மட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். புதுசு பழசோடு ஒத்துப்போக என்னென்னவோ நகாசு வேண்டும் என்று நான் வளைவுகள் போட்டேன். அவர்கள் செய்தது ஒன்றுதான், முதலில் தரையைப் பார்த்தார்கள்.

"தப்பு என்னுடையது," என்றேன்.

"தெரியும். அதுக்கென்ன, வாங்கோ, சாப்பிட்டுப் போங்கோ," என்றார்.

புளியோதரையும், சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் ரசமும் போட்டார். மேல்கோட்டைப் புளியோதரையின் பெருமையை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அதன் ருசி எனக்குத் தெரியவே இல்லை. சாப்பிடும்போது அவர் தன் பயத்தைச் சொன்னார். என் கட்டடம் உயரமாக நிற்பதுபற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. நகரசபையில் வேறொரு யோசனை ஓடுகிறதாம். தசராவுக்கு முன்னால் வங்கியைத் திறக்க மந்திரி வருகிறார். அதற்குள் வரி ஒட்டியாக வேண்டும். கான்கிரீட் போட்ட புதுக் கட்டடத்தை இறக்குவது கஷ்டம். அதனால் பழைய வீட்டை ஏற்றிவிடலாம் என்கிறார்கள்.

"எங்காத்து மாடிச் சுவர்மேல மூணரை அடி சிமிட்டிச் சுவர் எழுப்பி, பழைய கார்னீஸைக் கொத்தி எடுத்துட்டு, மேலே புதுசா ஒண்ணு வைக்கறாளாம். வங்கியே கட்டித் தரும்னு சொல்றா. நீங்க சொல்லுங்கோ, அந்தச் சுவர் தாங்குமா?"

மாடிக்குப் போனோம். முன்சுவரில் காரை பெயர்ந்த ஓர் இடத்தில் பென்சில் கத்தியை வைத்து லேசாகத் திருகினேன். செங்கல்லுக்கு நடுவிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. சுண்ணாம்பு மேல்பூச்சு மட்டும்தான், உள்ளே வெறும் மண் சாந்து. அத்தனை வருஷம் நின்றது பெரிது. பலகைகளும் சிலேட்டுகளும் அந்தச் சுவரோரமாகத்தான் அடுக்கியிருந்தன. பெண்கள் உட்காரும் இடம் அது. சவரிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளங்கையால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு மொழம் ஏத்துனாலே இதுக்கு மூச்சு முட்டுமுங்க. மூணர அடின்னா, ரெண்டு மழ தாங்குமுங்களா, அதுவே சந்தேகந்தான்."

மத்தியானம் நகரசபை இஞ்சினியரை வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். மூடின கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலும் ஆபீஸ் கோலத்தில் இருந்தார். மிக மரியாதையான மனிதர். வீட்டை ஏற்றுவதில் அந்த அம்மாளுக்குச் சம்மதம் இல்லை என்றேன். அவர் பேசிய கன்னடம் எனக்குப் பாதி புரிந்தது. மீதியை ஆங்கிலத்தில் சொன்னார்.

"வீட்டின் சொந்தக்காரர் அந்த அம்மாள் இல்லை. அவருடைய தமையனார், நஞ்சன்கூட்டில் இருக்கிறார். அவர் சம்மதம் கொடுத்தால் வேலை ஆரம்பம். நாளை வங்கி ஏஜெண்ட் போகிறார். அஷ்டே," என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம். பேச்சு முடிந்துவிட்டது என்றும் அர்த்தம்.

மூன்றாம் நாள், வேதவல்லி அம்மாள் பள்ளிக்கு லீவு போட்டார். அண்ணா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிடவேண்டும். இருவரும் காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். நஞ்சன்கூடு ஒரு மணி நேரத்துப் பாதை. பாதி வழியில் பஸ்ஸுக்கு என்னவோ வந்துவிட்டது. டிரைவர் கீழே படுத்துக்கொண்டு கைக்கு எட்டியதை எல்லாம் சுத்தியலால் தட்டினார். ஆண்கள் இறங்கித் தள்ளினோம். தள்ளினால் நாலு கஜம் ஓடும், பிறகு இருமும், நிற்கும். கொத்துமல்லிக் கட்டு கொண்டுவந்த ஒரு கிழவர் மட்டும் தள்ளாமல் நிழலில் உட்கார்ந்து, "இது போகாது. நேற்றும் போகவில்லை," என்று கன்னடத்தில் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னார். எங்களைத் தாண்டி ஒரு கறுப்புக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. முன் சீட்டில் இருப்பவர்தான் வங்கி ஏஜெண்ட் என்று வேதவல்லி அம்மாள் சொன்னார். அவர் கையை ஆட்டினார். நானும் அசட்டுத்தனமாகப் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. அண்ணா திருநாராயணன் ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தா. ஸ்டேஷன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். கையெழுத்து ஆகிவிட்டிருந்தது.

"வேதா, கேட்டியோ? நம்மாத்து மாடி வங்கி உசரத்துக்கு வரப்போறது! அப்பா காலத்துலேர்ந்து அந்த மஞ்சச் சுண்ணாம்பையே அடிச்சிண்டிருக்கோம். இப்போ சிமிட்டி! பர்மிட்டுக்கு ஊரே அலையறது, நமக்கு ஆத்துக்கே கொண்டுவந்து கட்டித் தரேங்கறா."

"சுவர் தாங்காது அண்ணா."

"யார் சொன்னா?"

வேதவல்லி அம்மாள் என்னைக் காட்டினார். நான் சொன்னேன். மண் சாந்து, பாரம், மழை எல்லாம் சொன்னேன். திருநாராயணன் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கதானே அந்த வங்கிக்குப் படம் போட்டது?"

"ஆமாம்."

"உங்க படத்துல ரெண்டும் ஒரே உசரம்தானே? ஏஜெண்ட் காட்டினார். ரொம்ப அழகா இருந்தது சார். அதைப் பார்த்துத்தானே போட்டேன் கையெழுத்து!"

அவர் கெட்டவர் இல்லை. தன் வீட்டை அந்தப் படத்தில் வங்கிக்குச் சமமாகப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அதைப் போட்ட கை என்னுடையது. கிளம்பும்போது ஒரு சீப்பு ரஸவாழைப்பழம் கொடுத்தார். நஞ்சன்கூட்டுக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போகக்கூடாதாம். திரும்பும் ரயிலில் வேதவல்லி அம்மாள் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். ஒரு பழம் உரித்து என்னிடம் நீட்டினார். தின்றேன். நல்ல பழம்தான்.

மைசூர் நெருங்கும்போது அவர் பேசினார்.

"அண்ணா கையெழுத்தை நான் மாத்த முடியாது. ஆனா, படமே தப்புன்னு அதைப் போட்டவரே எழுதிக் குடுத்துட்டா, அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இல்லேல்லியா? நீங்க எழுதுவேளா?"

"எழுதுகிறேன்," என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நான்காம் நாள் காலை, நான் தங்கியிருந்த விடுதிக்குத் தந்தி வந்தது. நகரசபை சொல்வதைச் செய்துவிட்டு உடனே திரும்பு என்று முதலாளி அடித்திருந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகரசபைக்குப் போனேன். வேதவல்லி அம்மாள் பள்ளியின் முதல் மணிக்கு முன்னால் வந்து, வராந்தா பெஞ்சியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனேன்.

இஞ்சினியர் என் புளூபிரிண்டை மேஜையில் விரித்து நான்கு மூலையிலும் கண்ணாடிக் குண்டு வைத்திருந்தார். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தெரு சரிகிறது, நான் அதைத் தட்டாகப் போட்டுவிட்டேன், படம் தப்பு, பக்கத்து வீட்டுச் சுவர் தாங்காது.

அவர் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். வருத்தமாகவே பேசினார்.

"நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இதில் முத்திரை விழுந்துவிட்டது. கமிட்டி பார்த்து அங்கீகரித்த படம். தெருதான் படத்தோடு ஒட்டவில்லை, படம் தவறு என்று நான் எழுத முடியாது. நீங்கள் எழுதலாம். எழுதினால் வங்கியின் அனுமதி ரத்தாகும். கான்கிரீட்டை உடைக்கவேண்டும். உங்கள் அலுவலகத்தின் பெயர் இந்த ஊரில் இனி எடுபடாது. இதோ காகிதம்."

ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். அதன் பக்கத்தில் டைப் அடித்த இன்னொரு தாளையும் வைத்தார். பக்கத்து வீட்டை அங்கீகரிக்கப்பட்ட வரைபடப்படி உயர்த்துவதில் வரைந்தவனுக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டுத் தயாராக இருந்தது.

வெள்ளைத் தாளில் தேதி எழுதினேன். "ஐயா," என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. சட்டைப் பையில் தந்தி முறுமுறுத்தது. இந்த வேலை போனால் வேறெங்கே போய்ப் பலகை போடுவேன் என்று தோன்றியது. ஒரு மழை, இரண்டு மழை தாங்கினாலும் தாங்கும், எத்தனை பழைய சுவர் நிற்கவில்லை என்றும் தோன்றியது. மனிதனுக்குத் தேவைப்படும்போது இப்படி நூறு தோன்றும். டைப் அடித்த தாளை என் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும்போல அழகாக விழுந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"எழுதினேளா?"

"எல்லாம் சொன்னேன்."

"சொன்னேள். எழுதினேளா?"

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டாம் பீரியட் இருக்கு. வரேன்," என்று சொல்லிப் போய்விட்டார். திட்டியிருந்தால் நான் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போயிருக்கலாம். ஆனால் பார்க்கவேண்டும்போல் இருந்தது. வேதவல்லி அம்மாள் வீட்டுக்குச் சாரம் கட்டியாகிவிட்டது. சவரிமுத்து மேலே நின்று கார்னீஸை உளியால் கொத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் துண்டுகள் தெருவில் விழுந்து உடைந்தன. என்னைப் பார்த்ததும் உளியை நிறுத்தினார்.

"ஏனுங்க, நீங்களே சரின்னுட்டீங்களாமே?"

"ஆமாம்."

அவர் மறுபடி கொத்த ஆரம்பித்தார். மாடி ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எதிர் ஓட்டல் பெஞ்சியில் இருவர் காப்பி குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்துப் பேசினார்கள். "இனிமேல் லட்சணமாக இருக்கும்," என்று ஒருவர் சொன்ன கன்னடம் எனக்கு முழுதாகப் புரிந்தது. கீழே இறங்கி நடக்கையில் கால்கள் தாமாகவே வேகமாகப் போயின. சரிவு அப்போது நன்றாகத் தெரிந்தது.

சென்னையில் முதலாளி என் தோளைத் தட்டினார். தசராவுக்கு முன் வங்கி திறந்தது. மந்திரி வந்தார். திறப்பு விழாப் படம் ஒன்று அலுவலகத்துக்கு வந்தது. அதில் கார்னீஸ் வரி வங்கியிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் பிசகாமல் போகிறது. பக்கத்து வீட்டுக்கும் பத்தாவது வீட்டுக்கும் நடுவில் இப்போது அந்த மூன்றரை அடி விழுந்திருக்கும். அங்கே படம் வெட்டப்பட்டிருந்தது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு ஒரு கார்டு வந்தது. குண்டு குண்டான எழுத்து.

"க்ஷேமம். போன செவ்வாய்க்கிழமை மழையில் மாடி முன்சுவர் தெருப்பக்கமாக விழுந்துவிட்டது. பள்ளிக்கூட நேரம். பெண்கள் யாரும் இல்லை, தெருவிலும் யாருக்கும் அடி இல்லை. கூடம் திறந்து கிடக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடப்படி ஒரு மாதத்துக்குள் திரும்பக் கட்டவேண்டும் என்று நகரசபை நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. அண்ணாவால் முடியாது. மனையை வங்கிக்கே கொடுத்துவிட்டார். நான் பள்ளிக்குப் பின்புறம் ஓர் அறை எடுத்திருக்கிறேன். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று யாருக்கும் அடி இல்லை என்பதைத் தெரிவிக்கவே எழுதினேன். வேதவல்லி."

அதற்கு நான் பதில் எழுதவில்லை. நாலைந்து தடவை, "அம்மா அவர்களுக்கு," என்று ஆரம்பித்து நிறுத்தியிருக்கிறேன்.

பதினைந்து நாள் கழித்து முதலாளி ஒரு புது வேலையை என் பலகையில் வைத்தார். மைசூர் வங்கிக்குப் பக்கத்து மனையில் விஸ்தரிப்பு. "இந்தத் தடவை தொல்லை இல்லை ஐயா, பக்கத்து மனையும் நம்முடையதே," என்றார்.

காகிதத்தை ஊசி குத்தி நிறுத்தினேன். டீ-ஸ்கொயரை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். வெறும் மட்டப்பலகையைச் சாய்த்து வைத்து, நூறு அடிக்கு மூன்றரை அடி இறங்கும்படி முதல் கோட்டை இழுத்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தெருவைச் சரியாகப் போட்டிருக்கிறேன். அதில் நிற்கவேண்டிய வீடு இருந்த இடத்தில், முதலாளி சொன்னபடி, வங்கியின் சைக்கிள் கொட்டகையை வரைந்தேன்.